ஒரு நாளைக்கு ஒரு மரம்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் முருகையாவை லாரியில் ஏற்றிவிட்டதற்காக எனக்கு வந்த கடிதங்களை ஒன்றாகக் கட்டினால் ஒரு தலையணை ஆகும். "அந்த மனுஷனை சயாமுக்கு அனுப்பினால் பத்திரிகை வாங்குவதை நிறுத்திவிடுவோம்" என்று பாரோயிலிருந்து ஒரு குடும்பமே கையெழுத்துப் போட்டு எழுதியிருக்கிறது. ஐயா, அம்மா, அவரை ஏற்றியது நானில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருஷம் ஆகஸ்ட் மாதம் ஆனைக்கல் தோட்டத்துக்கு வந்த ஜப்பான் சிப்பாய்கள் ஏற்றினார்கள். என்மேல் கோபப்பட்டு என்ன பயன்?

இந்த வாரம்தான் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. மலாயாவில், தம்பின் ஊருக்கு எட்டு மைல் தள்ளி இருக்கிறது நம் ஆனைக்கல் ரப்பர் தோட்டம். அங்கே பால் வெட்டுகிறவள் பஞ்சாலை. அவள் கணவர் முருகையா. முருகையாவின் தங்கை செல்லம்மாவைக் கட்டியிருப்பவர் பஞ்சாலையின் அண்ணன் சன்னாசி. பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. அதனால் பஞ்சாலைக்குச் செல்லம்மா அண்ணி, செல்லம்மாவுக்குப் பஞ்சாலை அண்ணி. "அண்ணி" என்று ஒரு குரல் கேட்டால் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அந்த இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று தோட்டத்துக்குப் பத்துப் பேர் கேட்டார்கள். பத்தாவது பெயர் முருகையா. காய்ச்சலோடு கிடந்தவரை நேற்றுச் சாயங்காலம் தூக்கி லாரியில் போட்டுக்கொண்டு போனார்கள். அந்தப் பாதைக்குப் போனவர்களில் ஒருவர்கூட அதுவரை தோட்டத்துக்குத் திரும்பி வந்ததில்லை. அது பஞ்சாலைக்கும் தெரியும்.

இனி இன்றைய நாள்.

காலையில் மில் இஞ்சின் கிளம்பவில்லை.

மரவள்ளி மாவு அரைக்கிற அந்த இஞ்சின் முருகையாவின் கைக்கு மட்டுமே கட்டுப்படும். நாலு பேர் மாற்றி மாற்றிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். ஜப்பான் துரை வந்தார், கத்தினார், கைக்கு எட்டிய ஒருவனை அறைந்தார். அப்புறம்தான், இதை ஓட்டுகிறவன் எங்கே என்று கேட்டார்.

தோட்ட ஆபிஸ் கணக்கர் ராமகிருஷ்ணன் கிராணி வாழ்க்கையில் எதையும் அவசரமாகச் செய்தவரில்லை. ஆனால் அந்த ஒரு நொடியை அவர் விடவில்லை. அவன் நேற்று லாரியில் போய்விட்டான், தம்பின் ஸ்டேஷனில் இருக்கிறான், இன்றைக்கு ரயிலேற்றிவிடுவார்கள் என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். துரை ஒரு தாளில் நாலு வரி எழுதிச் சிவப்பு முத்திரை குத்தி நீட்டினார். யாரையாவது அனுப்பி அவனைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டு அவர் பங்களாவுக்குப் போய்விட்டார்.

கிராணி லயத்தை நோக்கி ஓடினார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் ஓடியதைப் பார்த்து நாய்களே குரைக்க மறந்து நின்றன.

"பஞ்சாலை! சாப்பு குத்துன கடுதாசி! ஒன் புருஷன வுட்டுடச் சொல்லித் தொரை சாப்பு குத்திக் குடுத்துட்டாரு!"

அடுப்படியிலிருந்து பஞ்சாலை வெளியே வந்தாள். பின்னாலேயே செல்லம்மா, கையெல்லாம் மரவள்ளி மாவு. சன்னாசி விறகுக் கட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"ரயிலு எத்தன மணிக்குங்க?" என்றாள் பஞ்சாலை.

"மூணு மணிக்கு."

பஞ்சாலை வானத்தைப் பார்த்தாள். வெயில் இன்னும் உச்சிக்கு வரவில்லை. அவள் முகத்தில் நேற்றிலிருந்து காணாமல் போயிருந்த ரத்தம் திரும்பி வந்தது.

"எட்டு மைலுதானே. அண்ணி, கெளம்புங்க, நடந்தே போயிடலாம்" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் போய் வழிக்கு அவித்த மரவள்ளியை வாழை இலையில் கட்ட உட்கார்ந்துவிட்டாள்.

கிராணி வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

"எந்த மூணு மணின்னு நெனச்சே? வெயிலப் பாத்தா ரயிலு ஓட்டுறான்? ஆபிஸ் கடிகாரத்துல இப்பவே ஒன்னே கால் ஆச்சு. அது தோக்கியோ மணி! அவன் மூணு மணிங்கிறது நம்ம பழைய மணிக்கு ஒன்றர!"

இந்தத் தப்பை அந்த வருஷங்களில் செய்யாத தோட்டத்து ஜனம் கிடையாது. ஜப்பான்காரன் வந்ததும் கடிகாரத்தை எல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டான். ஆபிசும் ரயிலும் அவன் சொல்படி நடந்தன. லயம் மட்டும் சூரியனைப் பார்த்தே எழுந்து, சூரியனைப் பார்த்தே உலை வைத்தது.

ஆக, கையில் இருப்பது ஒன்றே முக்கால் மணி நேரம். நடந்தால் மூன்று மணி நேரம் ஆகும்.

"கடுதாசியக் குடுங்க, நான் ஓடுறேன்" என்று சன்னாசி கையை நீட்டினார்.

கிராணி தாளைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "நீ ரோட்டுல கால வச்சா ஒன்னையும் சேத்து ஏத்திருவானுங்க. நேத்து ரந்தாவ் ரோட்டுல பாசாருக்குச் சாமான் வாங்கப் போன மூணு பேர அப்படியே அள்ளிட்டானுங்க, தெரியும்லா? ஆம்பள யாரும் போக முடியாது." இதைச் சொல்லும்போது அவர் சன்னாசியின் முகத்தைப் பார்க்கவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

செல்லம்மாதான் முதலில் பேசினாள். அவளால் ஒரு நிமிஷத்துக்கு மேல் பேசாமல் இருக்க முடியாது.

"அண்ணி, என்னா முழிச்சிக்கிட்டு நிக்கிறீங்க? எடுங்க சைக்கிள!"

"நான் மூனாங்கட்டை தாண்டுனதே இல்லயே அண்ணி. இது எட்டாங்கட்டை."

"மூனாங்கட்டை வரைக்கும் போனவங்களுக்கு எட்டாங்கட்டை என்னா, வேற நாடா? ஏறுங்க!"

செல்லம்மா சுலபமாகச் சொல்லிவிட்டாள். ஆனால் அந்த மூன்று மைலுக்குப் பஞ்சாலை எவ்வளவு பாடுபட்டாள் என்பதை அவளைவிட அறிந்தவர் யாரும் இல்லை.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் பஞ்சாலை எப்படி இருந்தாள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். விடிகாலையில் ஆள் எண்ணுகிற பெரட்டில் வேலை மேற்பார்க்கிற மண்டோர் பெயர் கூப்பிடும்போது அவள் "இருக்கேன்" என்று சொல்வது பக்கத்தில் நிற்பவளுக்கே கேட்காது. இரண்டு முறை, அவள் எதிரில் நிற்கும்போதே மண்டோர் "பஞ்சாலை வரல" என்று எழுதிவிட்டுப் போனார். அவளும் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள்! கோபம் வருகிறதா? எனக்கும் வந்தது. ஆனால் அவள் அப்படித்தான் இருந்தாள்.

அப்போதுதான் முருகையாவுக்கு முதல் முறை மலேரியா வந்தது. மரவள்ளியைத் தலையில் சுமந்து மூன்றாம் மைல் மலாய்க்காரர் கடைக்குக் கொண்டுபோய் அரிசிக்கு மாற்ற வேண்டும். பஞ்சாலை போய்ச் சேர்வதற்குள் அரிசி தீர்ந்துவிடும். வீட்டில் சைக்கிள் இருந்தது. டயர் கிடைக்காத காலம் என்பதால் சக்கரத்தில் தண்ணீர் ரப்பர் குழாயைச் சுற்றிக் கம்பியால் கட்டி வைத்திருந்தார் முருகையா. உடம்பு தேறியதும் அவரே மூன்று நாள் அவளுக்குக் கற்றுக் கொடுத்தார். நாலாம் நாள், "இது ஒனக்கு வராது, வுடு" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, முழங்காலில் ரத்தத்தைப் பார்த்துப் பயந்து சொன்னார்.

பஞ்சாலை ஐந்தாம் நாள் மதியம் தனியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரப்பர் உலர்த்துகிற புகை வீட்டுக்குப் பின்னால் போனாள்.

அங்கே அவள் பால் வெட்டுகிற நிரை இருந்தது. நாற்பத்திரண்டு மரம். முதல் நாள் முதல் மரத்திலிருந்து இரண்டாவது மரம் வரை கால் ஊன்றாமல் போனாள். அவ்வளவுதான். இரண்டாவது மரத்தில் அடுப்புக் கரியால் ஒரு கோடு போட்டாள். கத்தியால் கீறவில்லை, பால் வெட்டுகிறவள் காரணமில்லாமல் பட்டையைத் தொடமாட்டாள். மறுநாள் மூன்றாவது மரம். நேற்றைவிட ஒரு மரம் கூடப் போக வேண்டும், போகாவிட்டால் அன்றைக்குக் கோடு கிடையாது. இதுதான் அவளாகப் போட்டுக்கொண்ட சட்டம்.

"அண்ணி, இன்னைக்கு பதினோரு மரத்துக்குச் சொந்தக்காரியா?" என்று செல்லம்மா கேலி பேசுவாள். பேசிக்கொண்டே முழங்காலுக்கு மஞ்சள் அரைத்துக் கொடுப்பாள்.

பதினேழாவது மரத்தில் ஒரு வேர் வழியை மறித்தது. அந்த ஒரு மரத்தைத் தாண்டப் பன்னிரண்டு நாள் ஆனது. பன்னிரண்டு நாளும் ஒரே வேரில் விழுந்தாள். பதின்மூன்றாம் நாள் வேரின்மேல் சக்கரம் ஏறி இறங்கியது, அவள் விழவில்லை. அன்றைக்குச் செல்லம்மாவிடம் ஓடி வந்து, வாய்விட்டுச் சிரித்தாள். அவள் பல் வரிசையைச் செல்லம்மா அன்றுதான் முழுசாகப் பார்த்தாளாம்!

நாற்பத்திரண்டு மரமும் முடிய நாலு மாசம். திரும்புவதற்கு ஒரு மாசம். மரக்கட்டை மேல் நின்று ஏறாமல், ஓடிக்கொண்டே ஏறுவதற்கு இரண்டு மாசம். அப்புறம் பின்னால் ஒரு கூடை மரவள்ளி, அரை மூட்டை, ஒரு மூட்டை. அப்புறம்தான் ரோடு. ஒன்றாங்கட்டை, இரண்டாங்கட்டை, மூனாங்கட்டை.

இதற்கிடையில் ஒரு விடிகாலை, பெரட்டில் "இருக்கேன்!" என்று ஒரு குரல் கேட்டு மண்டோர் நிமிர்ந்து பார்த்தார். பேசியவளும் திடுக்கிட்டாள். இந்தத் தைரியம் எந்தத் தேதியில் வந்தது என்று கேட்டால் பஞ்சாலையால் சொல்ல முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, தினமும் ஒரு மரத்தளவு.

"சரி" என்றாள் பஞ்சாலை.

முருகையாவின் காக்கி அரைக்கால் சட்டையை உள்ளே போட்டு, சேலையை முழங்காலுக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டாள். கடுதாசியை வாழைச் சருகில் சுருட்டி ரவிக்கைக்குள் செருகினாள். தலைத்துணியை இறுக்கினாள். மூன்றடி ஓடி, ஏறினாள்.

"அண்ணனக் கூட்டிட்டு வாங்க அண்ணி! நான் கேட்டடியிலயே நிக்கிறேன்!" என்ற செல்லம்மாவின் குரல் பின்னாலேயே வந்தது.

மூனாங்கட்டை வரை ரோட்டின் ஒவ்வொரு குழியும் அவளுக்குத் தெரியும். மலாய்க்காரர் கடை வந்தது. கடைக்காரர் கையசைத்தார், அவள் நிற்பாள் என்று நினைத்து. அவள் நிற்கவில்லை. இதற்கு மேல் எல்லாம் புது ரோடு.

ரோட்டோரத்தில் மரங்கள் நின்றன. எட்டு மைலை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அடுத்த மரத்தை நினைக்க முடிந்தது. அந்த மரம் வரை கால் ஊன்றக் கூடாது. வந்துவிட்டது. சரி, அதற்கடுத்த மரம். நாலாங்கட்டை போயிற்று!

அஞ்சாங்கட்டையில் ஒரு நீள இறக்கம். பிரேக் என்று அந்தச் சைக்கிளில் எதுவும் மிச்சமில்லை. சக்கரம் தானாக ஓடத் தொடங்கியது, சேலை முந்தானை பின்னால் பறந்தது, கண்ணில் நீர் வழிந்தது. "ஐயோ ஐயோ ஐயோ" என்று கத்திக்கொண்டே இறங்கினாள். கீழே வந்து சேர்ந்து, தான் இன்னும் சைக்கிள்மேல்தான் இருக்கிறோம் என்று தெரிந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருஷனை மீட்கப் போகிற வழியில் இப்படிச் சிரிக்கலாமா என்று வெட்கமாகவும் இருந்தது.

ஆறாங்கட்டையில் பட்டென்று ஒரு சத்தம். பின் சக்கரத்துக் கம்பி அறுந்து, ரப்பர் குழாய் சாட்டை மாதிரி அடிக்கத் தொடங்கியது.

இறங்கினாள். பழைய பஞ்சாலையாக இருந்தால் ரோட்டோரம் உட்கார்ந்து அழுதிருப்பாள். இவள் தலைத்துணியை அவிழ்த்து இரண்டாகக் கிழித்தாள். குழாயைச் சக்கரத்தோடு சேர்த்து இரண்டு இடத்தில் இறுக்கி முடிச்சுப் போட்டாள். மூட்டை கட்டிப் பழகிய கை, முடிச்சு நழுவவில்லை. மறுபடி ஏறினாள். சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை தூக்கிப் போட்டது. போடட்டும்.

தம்பின் எல்லையில் காவல் சாவடி. துப்பாக்கியோடு மூன்று சிப்பாய்கள். அங்கே சைக்கிளிலிருந்து இறங்கி, இடுப்பு வரை குனிந்து வணங்காமல் யாரும் போக முடியாது. வணக்கம் பிடிக்காவிட்டால் அறை விழும். பஞ்சாலை பத்தடி தள்ளியே இறங்கினாள். குனிந்தாள். நிமிரும்போது சருகைப் பிரித்து, சிவப்பு முத்திரை தெரிகிறபடி தாளை இரண்டு கையாலும் நீட்டினாள்.

ஒருவன் வாங்கிப் படித்தான். அவளைப் பார்த்தான். துணி கட்டிய சக்கரத்தைப் பார்த்தான். மற்றவர்களிடம் என்னவோ சொன்னான், மூன்று பேரும் சிரித்தார்கள். தாளைத் திருப்பித் தந்து, போ என்று கையைக் காட்டினான்.

இப்போது அவர்கள் முன்னாலேயே ஏற வேண்டும். கால் வழுக்கி விழுந்தால் சிரிப்பு என்னவாக மாறும் என்று தெரியாது. மூன்றடி ஓடினாள். ஏறிவிட்டாள்! பின்னால் ஒருவன் கை தட்டினான். அது பாராட்டா கேலியா என்று பார்க்க அவளுக்கு நேரமில்லை.

ஸ்டேஷன் கடிகாரத்தில் மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

பதினாறு பெட்டிகள். சாமான் ஏற்றுகிற இரும்புப் பெட்டிகள். கதவுகளை ஒரு கை நுழையும் அளவு மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். வெயிலில் இரும்பு கொதித்தது. உள்ளே மனிதர்கள்.

கையில் அட்டையும் தாளுமாக ஒரு தமிழர் நின்றார். பெயர் ஹரோல்ட். ஜப்பான் பாஷை படித்ததால் இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர். பஞ்சாலை மூச்சிரைக்க நீட்டிய தாளைப் படித்தார், மறுபடி படித்தார். அதிலிருந்த பெயரைப் பெட்டிகளைப் பார்த்துக் கூப்பிட்டார், ஒரு கையும் அசையவில்லை. பிறகு அதிகாரியிடம் கொண்டுபோய்ப் பணிவாக என்னவோ பேசினார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஐந்து விரலைக் காட்டினார்.

"அஞ்சு நிமிஷம் குடுத்திருக்காரு" என்று ஹரோல்ட் ஓடி வந்தார். "எந்தப் பெட்டியிலன்னு எனக்குத் தெரியாதும்மா. கூப்பிடு. கொரல் குடுத்தா எறக்கிடலாம்."

பஞ்சாலை முதல் பெட்டியின் பக்கம் ஓடி, வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள்.

"ஏங்க!"

ரயில் முழுவதும் பதில் சொன்னது.

"இங்க இருக்கேன்!" "யாரு, நீயா?" "வந்துட்டியா புள்ள?" பதினாறு பெட்டியிலிருந்தும் கைகள் வெளியே நீண்டன. உள்ளே இருந்த ஒவ்வொரு ஆம்பிளைக்கும் வீட்டில் ஒருத்தி இருந்தாள். அத்தனை பேரையும் அவரவர் வீட்டில் "ஏங்க" என்றுதான் கூப்பிட்டார்கள்.

பஞ்சாலை மறுபடி, "ஏங்க, நான்தாங்க!" என்றாள். இன்னும் மோசம். கைகள் இன்னும் அதிகமாக ஆடின.

"பேரச் சொல்லிக் கூப்பிடும்மா!"

"நீங்களே இன்னொரு தடவ கூப்பிடுங்கையா, தாள்லதான் இருக்கே…"

"கூப்பிட்டுப் பாத்துட்டேன், தாளப் படிச்சதுமே. ஒருத்தனும் வாயத் தெறக்கல. காலைலேர்ந்து நான் பேரு கூப்பிட்டதெல்லாம் உள்ள ஏத்துறதுக்குத்தான். எங்கொரலக் கேட்டா எவன் பதில் சொல்லுவான்? நாலு நிமிஷந்தான் இருக்கு!"

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் பஞ்சாலை கணவன் பெயரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் செல்லம்மா சொல்வாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கேட்டால் வரிசையில் நிற்கிற யாராவது சொல்வார்கள். மனைவி வாயால் பெயர் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று அவளுக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள், அவளும் அதை நம்பினாள். இந்தப் பெட்டிகளுக்கு முன்னால் நிற்கிற இந்த நிமிஷத்திலும் நம்பினாள்.

உதட்டை அசைத்தாள். காற்றுதான் வந்தது.

இன்னொரு தடவை. "முருகையா." பக்கத்தில் நின்ற ஹரோல்டுக்குக் கேட்டிருக்கும், அவ்வளவுதான். ஆனாலும் சொல்லிவிட்டாள். வானம் இடிந்து விழவில்லை.

நடக்கத் தொடங்கினாள். இரண்டாம் பெட்டியில் கொஞ்சம் பலமாக. மூன்றாம் பெட்டியில் அதைவிடப் பலமாக. நாலாம் பெட்டிக்கு வந்தபோது அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

"முருகையா! ஆனைக்கல் தோட்டத்து முருகையா!"

அந்தக் குரல் ஸ்டேஷன் கூரையில் மோதித் திரும்பியது. அதிகாரி திரும்பிப் பார்த்தார். பெட்டிகளுக்குள் கூச்சல் அடங்கிவிட்டது. ஒரு பெண் தன் புருஷன் பெயரை இப்படிக் கத்துவதை உள்ளே இருந்தவர்கள் யாரும் கேட்டதில்லை. அவர்களே அந்தப் பெயரைப் பெட்டிக்குப் பெட்டி உள்ளிருந்து தட்டிச் சொன்னார்கள். "முருகையா யாரு? இங்க முருகையா யாருப்பா?"

"முருகையா! முருகையா!"

பதினோராவது பெட்டியிலிருந்து ஒரு கை வந்தது. இஞ்சின் எண்ணெய்க் கறை போகாத கை.

"பஞ்சாலை…"

கதவைத் தள்ளி அவரை இறக்கினார்கள். கால் தரையில் பட்டதும் ஆடியது, காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை. பஞ்சாலை அவரைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை பேருக்கு முன்னால் அழுதாள். வெட்கமாகவே இல்லை.

"நீ எப்படி வந்த?" என்றார் முருகையா.

"சைக்கிள்ல."

"யாரு ஓட்டியாந்தா?"

அந்த நிலைமையிலும் அவளுக்குக் கோபம் வந்ததென்றால் பார்த்துக்கொள்ளுங்கள். "நாந்தான்!"

மற்றக் கைகள் இன்னும் வெளியேதான் நீண்டிருந்தன. தங்கள் தோட்டத்தின் பெயரைச் சொல்லி, வீட்டில் தகவல் சொல்லச் சொல்லிக் கெஞ்சினார்கள். பஞ்சாலை கேட்டதையெல்லாம் மனசில் வாங்கிக்கொண்டு தலையாட்டினாள். இஞ்சின் ஊதியது. கதவுகள் சாத்தப்பட்டன. ரயில் அவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

ஹரோல்ட் வேகமாக வந்தார். வரும்போதே சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு வந்தார்.

"ரெண்டு பேரும் இங்க நிக்காதீங்க. ஒரு ஆளு எறங்குனா ஒரு ஆளு ஏறணுமாம். நாளைக்கு வண்டிக்கு. அதிகாரி லாரிய இப்பவே ஒங்க தோட்டத்துக்கு அனுப்பச் சொல்லிட்டாரு."

"யாரப் புடிக்க?" என்றார் முருகையா.

ஹரோல்ட் அட்டையைப் புரட்டினார். "பத்துல ஒரு ஆளு கொறஞ்சா எடுத்துக்கச் சொல்லி, ஒங்க கிராணி கையெழுத்துல பதினோராவதா ஒரு பேரு எழுதியிருக்கு. சன்னாசி."

பஞ்சாலை, காலையில் கடுதாசிக்குக் கை நீட்டிய அண்ணனை நினைத்தாள். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் பேசிய கிராணியை நினைத்தாள். தெரிந்திருக்கிறது அவருக்கு!

"நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லாதீங்க" என்று ஹரோல்ட் குரலைத் தாழ்த்தினார். "அங்க நிக்கிறது கரி லாரி. பெட்ரோல் கெடையாது. அடுப்பு மூட்டி, கரி புடிச்சி, இஞ்சின் கெளம்ப எப்படியும் அரை மணி ஆவும். லாரிக்கு முன்னால போய்ச் சன்னாசிய ஒளிஞ்சிக்கச் சொல்லுங்க. சாப்புக் கடுதாசி கையில இருந்தா ரோட்டுல இவர யாரும் தொட மாட்டாங்க. போங்க."

ஸ்டேஷனுக்கு வெளியே, லாரியின் பின்பக்கம் கட்டியிருந்த தகர அடுப்பில் டிரைவர் கரி கொட்டிக்கொண்டிருந்தான். முருகையா அதைப் பார்த்தார். பழக்கத்தில் சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்தார்.

"ஏறு, பின்னால ஒக்காரு."

ஒரு காலைத் தூக்கிப் போட்டார். சைக்கிளும் அவரும் சேர்ந்து பக்கவாட்டில் சாய்ந்தார்கள். பஞ்சாலை சைக்கிளை நிமிர்த்தி அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீங்க பின்னால ஒக்காருங்க. கையில கடுதாசியத் தெரியுற மாதிரி வச்சிக்குங்க."

"என்னை வச்சி ஒன்னால மிதிக்க முடியாதுலா, பஞ்சாலை."

"ஒங்களவிட கனத்த மூட்டைய வச்சி மிதிச்சிருக்கேன். அது இப்படி நியாயம் பேசாது. ஒக்காருங்க!"

அவர் உட்கார்ந்தார். ஓடி ஏற இடமில்லை, நின்ற இடத்திலேயே மிதித்து எழும்ப வேண்டும். முன் சக்கரம் இரண்டு முறை ஆடியது. பிறகு நேராயிற்று. கடைத் தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பொம்பளை மிதிக்கிறாள், பின்னால் ஒரு ஆம்பளை உட்கார்ந்து வருகிறார். தம்பின் அப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லை.

"எல்லாரும் பாக்குறாங்க" என்றார் முருகையா, அவள் முதுகுக்குப் பின்னால் முகத்தைக் குனிந்துகொண்டு.

"பாக்கட்டும்."

குழாய்ச் சக்கரம் தூக்கித் தூக்கிப் போட்டது. பிறகு பஞ்சாலை பேசினாள். மூச்சிரைப்புக்கு நடுவே குரல் உடைந்தது.

"அண்ணி கேட்டடியிலயே நிக்கிறேன்னு சொன்னாங்க. ஒங்களப் பாத்ததும் சந்தோஷமா ஓடி வருவாங்க. நான் அவங்ககிட்ட என்னாங்க சொல்லுவேன்?"

முருகையா அவள் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டு இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் வேகமா மிதி" என்றார்.

அவள் மிதித்தாள். பின்னால், ஸ்டேஷன் பக்கம், ஹரோல்ட் சொன்ன அரை மணி ஆவதற்கு முன்பே, லாரியின் இஞ்சின் ஒரு முறை இருமியது, நின்றது, பிறகு பிடித்துக்கொண்டது.